கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணி

என் சித்தியின் மகன் இந்த மாதத் தொடக்கத்தில், சிங்கப்பூரின் கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவையில் சேர்ந்தான். பாசிர் ரிசிலிருந்து பேருந்து, பிறகு சாங்கியில் ஆயுதப் படையின் படகுத்துறை, அங்கிருந்து பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங் என அவனுடைய பெற்றோருடன் நானும் சென்றேன். படகில் சித்தி அவன் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவனும் வழக்கத்துக்கு மாறாக அதை விடுவித்துக்கொள்ளவில்லை. தீவு நெருங்கும்போது என் பக்கம் சாய்ந்து, "அண்ணே, ரெண்டு வருஷம் கழிச்சும் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் இப்படியே இருப்பாங்களா?" என்று கேட்டான். ஓட்டத்தைப் பற்றியோ சார்ஜென்ட்களைப் பற்றியோ கேட்பான் என்று அவற்றுக்கான பதில்களோடு வந்திருந்த எனக்கு இதற்குச் சட்டென்று வாய் வரவில்லை. "இருப்பாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தேன். அது பொய்யில்லை, ஆனாலும் அவன் கேட்டதற்கு அது போதாது. படகு திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

நான் சேர்ந்தது 2013 ஜனவரியில், 18 வயதில். அப்போது எனக்கு நெருக்கமானவர்கள் மூன்று பேர், இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும். நாங்கள் ஒரே பள்ளியில் படித்தவர்கள் அல்லர். எங்கள் பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லாததால், பள்ளி முடிந்த பிற்பகல்களில் பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு வெவ்வேறு சீருடைகளில் வந்து சேர்ந்தவர்கள். உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்தோம். அதன் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் தொடக்கக் கல்லூரிகளும் வேறு வேறாகவே அமைந்தன. ஆகவே பிரிந்திருந்து பழகுவது எங்களுக்குப் புதிதில்லை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தேசிய சேவை பிரிக்கும் விதம் வேறு. 1967 மார்ச்சில் அதற்கான சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த மசோதாவை அப்போதைய தற்காப்பு அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ கொண்டுவந்தபோது, தனிநாடாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத சிங்கப்பூரிடம் இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள் இருந்தன. அந்த நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் ஒரே வயதுப் பையன்கள் அனைவரையும் ஒருசேர அழைத்துக்கொள்கிறது. என் அப்பா இரண்டரை ஆண்டு செய்தார். 2004-இல் அது இரண்டாகக் குறைந்தது. விரும்பியவர்கள் மட்டும் படையில் சேரும் நாடுகளில், சேர்ந்தவன் ஊருக்குத் திரும்பும்போது அவனுடைய கூட்டாளிகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். இங்கே அப்படி யாரும் இருப்பதில்லை. சில மாத இடைவெளியில் எல்லாப் பையன்களும் போய்விடுகிறார்கள், அதுவும் ஒவ்வொருவனும் ஒவ்வொரு கடிகாரத்துக்குள். எங்களில் ஒருவன் காவல்துறைக்குப் போனான். அவனுக்குப் பயிற்சி முடிந்ததும் 12 மணி நேர முறைப்பணி. இன்னொருவன் ஜாலான் பஹாரில் குடிமைத் தற்காப்புப் படைப் பயிற்சி முடித்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனான். 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு. எனக்கோ வார நாள்கள் முழுவதும் முகாம். வெளியில் மிஞ்சியவள் எங்கள் தோழி ஒருத்திதான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு மாலையைக் கண்டுபிடிக்கும் வேலை யாரும் சொல்லாமலே அவள் தலையில் விழுந்தது. இதைப் பற்றிப் பேசும்போது பையன்களின் தியாகத்தையே எல்லோரும் பேசுகிறார்கள்; வெளியில் நின்று அந்த நட்புகளைக் கட்டிக்காத்த பெண்களைப் பற்றி யாரும் ஒரு சொல் எழுதி நான் பார்த்ததில்லை.

முதல் நாளில் இளஞ்சிவப்பு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஆயுதப் படையின் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். முடி போயிற்று. பெற்றோர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தோம். அதன் பிறகு ஒன்பது வாரம், எப்போது எழுவது, எத்தனை நிமிடத்தில் குளிப்பது, எப்போது 500 மில்லிலிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலிப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவது என்று எல்லாமே பிறர் வகுத்தபடி நடந்தன. "செடியா" என்று மலாயில் ஆணை வந்தால் குதிகால்கள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். பெரியவனாவது என்றால் சுதந்திரம் கூடுவது என்று நினைத்திருந்தவனுக்கு இது நேர்மாறாகத் தெரிந்தது. நேரம் என்பது நம்முடையது அல்லாமல் போகும்போதுதான் அதன் அளவு நமக்குத் தெரிகிறது என்பது எனக்குப் பிடிபட இரண்டு வாரம் ஆனது.

அந்த இரண்டு வாரம் கழித்து முதல் புக் அவுட், அதாவது முகாமைவிட்டு வீட்டுக்குப் போய்வர அனுமதி. சனிக்கிழமை நண்பகல் முதல் ஞாயிறு இரவு வரை, 30 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கையில் இருந்தது. அதற்குள் தூக்கம், துவைக்க வேண்டிய சீருடைகள், அம்மா, நண்பர்கள். வாழ்க்கையில் முதன்முறையாக நான் என் நேரத்தைக் கூறுபோட்டது அன்றுதான். நண்பர்களுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினேன். அந்த இரண்டு மணி நேரத்தையும் நானே பேசித் தீர்த்தேன். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவது, நாங்கள் தூங்கும் பங்க்கில் விளக்கணைந்த பின் யாரோ அழுதது, காலில் வந்த கொப்புளம் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். தோழி இரண்டு முறை, "எங்க வீட்ல..." என்று தொடங்கினாள். இரண்டு முறையும் எனக்கு வேறொரு கதை நினைவுக்கு வந்தது. ரயிலில் திரும்பும்போது, நல்ல சந்திப்பு என்று நிறைவாக இருந்தது எனக்கு.

பிப்ரவரியில் களப்பயிற்சி. காட்டில் ஆறு நாள். மடக்கு மண்வெட்டியால் ஆளுக்கொரு பள்ளம் தோண்ட வேண்டும், ஒருவன் உடம்பைத் தரைக்குக் கீழே இறக்கிப் படுக்கும் அளவுக்கு. களிமண்ணும் மர வேர்களுமாக இருந்த அந்த இடத்தில் உள்ளங்கை உரிந்தது. படையில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இணைவீரன் உண்டு. அவன் காய்ச்சலை இவன் கவனிக்க வேண்டும், இவன் கட்டு அவிழ்ந்தால் அவன் சொல்ல வேண்டும். என் இணைவீரன் ஒரு சீன நண்பன். அவன் பள்ளம் முடிந்தும் என் பள்ளம் முடியவில்லை. ஒன்றும் பேசாமல் இறங்கி மறு முனையிலிருந்து தோண்ட ஆரம்பித்தான்.

அன்று அந்தி சாயும் நேரத்தில் சார்ஜென்ட் எங்களுக்குக் கடிதங்கள் கொடுத்தார். வீட்டிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. அம்மாவின் கடிதம் தமிழில், ஒரு தாளின் இரு பக்கமும். கைகளில் மண் இருந்ததால் தாளை விரல் நுனிகளால் ஓரத்தில் பிடித்துப் படித்தேன். "கண்ணு" என்று தொடங்கியிருந்தார். என் முகத்தைப் பார்த்த இணைவீரன், முதல் வரி என்ன என்று கேட்டான். கண் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "உன் அம்மா உன்னைக் கண் என்றா கூப்பிடுவார்?" என்றான். கண்ணைப் போலக் காக்க வேண்டியவன் என்று பொருள் என விளக்கத் தொடங்கி, அந்தச் சொல்லைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்டும் ஒருநாளும் அதன் பொருளை நினைத்துப் பார்த்ததில்லையே என்று தோன்றி, பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. அவன் தன் அப்பா சீனத்தில் எழுதியிருந்ததை எனக்கு வரி வரியாகச் சொன்னான். தன் தந்தை இதுவரை தன்னிடம் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை என்றான்.

அம்மாவின் கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. தோழி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அம்மா அவளையும் எழுதச் சொல்லியிருக்கிறார். "அன்றைக்கு நீ நிறையப் பேசினாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த முறை என் முறை." அவ்வளவுதான். அதில் கோபமோ குத்தலோ இல்லை. ஆனால் நான் வெட்டிய அந்த இரண்டு "எங்க வீட்ல" எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தன. அன்றிரவு மழை பெய்தது. பள்ளத்தில் தண்ணீர் ஏறியது. தூங்க முடியாமல் போனதற்கு மழையைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த புக் அவுட்டில் வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவளை வளர்த்த பாட்டிக்கு மறதி முற்றியிருந்தது. பேத்தியின் பெயரை மறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. எங்கள் நால்வருக்கும் அந்தப் பாட்டியைத் தெரியும்; தமிழ் வகுப்பு முடிந்து போகும்போதெல்லாம் கதவருகே உட்கார்ந்திருப்பார். என்னையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் என் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, கையை நீட்டித் தடவி, "எந்தக் கோயில்ல முடி இறக்கினே? பழனியா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன். "நல்லா இருப்பே" என்று சொல்லி, வெகுநேரம் கையை எடுக்கவில்லை. தோழி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பேசினாள், நான் கேட்டேன். 30 மணி நேரத்தில் ஐந்து மணி நேரம் அங்கே போயிற்று. ஒரு நிமிடம்கூட வீணாகப் போனதாகத் தோன்றவில்லை.

24 கிலோமீட்டர் அணிநடையும் மரினா பே மிதக்கும் மேடையில் நடந்த நிறைவு அணிவகுப்பும் பலர் எழுதியவை. தொப்பியை வானில் எறிந்த கணம் உண்மையிலேயே அத்தனை மகிழ்ச்சியானதுதான் என்பதோடு விட்டுவிடுகிறேன். அதன் பின் நான் படையின் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குத் தேர்வானேன். பயிற்சி நீ சூன் முகாமில். சிரையில் ஊசி ஏற்றுவதை நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் செய்து பழகினோம். முழங்கை மடிப்பில் பட்டையைக் கட்டி, சிரையை விரலால் அழுத்தித் தேடி, ஊசியின் சரிந்த முனை மேலே பார்க்கும்படி பிடித்துச் சற்றுச் சாய்வாக நுழைக்க வேண்டும்; சிரைக்குள் போய்விட்டால் ஊசியின் பின்னறையில் சிறிது இரத்தம் தெரியும். முதல் முறை என் கை நடுங்கியதில் இரத்தம் தெரியவில்லை. எதிரே கையை நீட்டியிருந்தவன் பற்களைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடு, இந்தக் கையிலேயே போடு" என்றான். அடுத்து அவன் முறை. நான் கையை நீட்ட வேண்டும். எவன் நடுக்கத்தையும் மன்னிக்கத் தெரியாதவன் அந்த அறையில் தேற முடியாது. முதிர்ச்சி என்று பிற்பாடு பலரும் மேடைகளில் பேசக் கேட்டபோதெல்லாம் எனக்கு அந்த அறையும் அந்தப் பஞ்சின் மருந்து வாசமும்தான் நினைவுக்கு வந்தன.

அந்த ஆண்டு ஜூனில் புகைமூட்டம் வந்தது. சுமத்ராவில் காடுகளும் கரிநிலங்களும் எரிந்து, 21-ஆம் தேதி நண்பகலில் காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டது. அதுவரை சிங்கப்பூரில் பதிவானதிலேயே அதுதான் உச்சம். வெளிப்புறப் பயிற்சிகள் நிறுத்தப்பட்டன. அந்த நாள்களில் ஓர் இரவு நான் முகாமின் மருத்துவ நிலையத்தில் பணியில் இருந்தேன். பதினொரு மணிக்குமேல் கைப்பேசி அடித்தது. காவல்துறையில் இருந்த நண்பனின் அம்மா. அவன் இரவுப் பணியில் இருந்ததால் எடுக்கவில்லை. அவனுடைய அப்பா ஆஸ்துமா நோயாளி, மூச்சுவிட முடியாமல் திணறுகிறார். "எனக்கு யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலடா" என்றார்.

அவசர எண் 995-க்கு அழைத்தீர்களா என்று கேட்டேன். அழைத்திருந்தார். படுக்க வைத்திருந்தவரை எழுப்பி, மேசையில் சாய்ந்தாற்போல் நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னேன். "ஆன்ட்டி, அவர் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுங்க. நான் நேரம் பார்க்கிறேன்" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அரை நிமிடத்தில் பதினேழு. அவர் குரல் நடுங்கிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணியது இன்றும் கேட்கிறது. எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணச் சொன்னேன். அந்த எண்ணிக்கையால் நான் அங்கிருந்து எதையும் மாற்றிவிட முடியாது. ஆனால் மருத்துவ வாகனத்தில் வருகிறவர்களிடம் சொல்ல அது உதவும், அதுவரை அவர் கைக்கு ஒரு வேலையாகவும் இருக்கும். மூன்றாம் முறை எண்ணும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

என்னால் முகாமை விட்டு வெளியேற முடியாது. தீயணைப்பு நிலையத்தில் இருந்தவனுக்குச் செய்தி அனுப்பினேன். காலை எட்டு மணிக்கு 24 மணி நேரப் பணி முடித்தவன் வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போய்விட்டான். மகன் ஒன்பதரைக்கு ஓடிவந்தபோது அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடி இவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாராம். நான்கு நாளில் அப்பா வீடு திரும்பினார்.

அந்த வார இறுதியில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பதின்மூன்று வயதிலிருந்து என்னை "வாடா" என்று அழைத்துவந்தவர், கதவைத் திறந்து, "வாங்க தம்பி" என்றார். அது மரியாதை என்று தெரியும். அதை நான் சம்பாதித்திருக்கிறேன் என்று அவர் கருதியதும் தெரியும். ஆனாலும் ஏதோ ஓர் அறையின் கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொண்டதுபோல் இருந்தது. பெரியவனாகிவிட்டேன் என்று நான் உணர்ந்த நாளைக் குறிப்பிடச் சொன்னால் அணிவகுப்பு நாளைச் சொல்லமாட்டேன், அந்த "வாங்க"வைத்தான் சொல்வேன். "ஆன்ட்டி, பழையபடியே கூப்பிடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அவர் ஆள்கள் இருந்தால் "வாங்க" என்கிறார். தனியாக இருந்தால் "வாடா" என்கிறார். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

அதன் பிறகுதான் கடைசி ஞாயிறு ஏற்பாடு வந்தது. தோழியின் யோசனை. மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணி, பீட்டி சாலைப் பக்கம், இரண்டு மணி நேரம். யாருக்கு முடிகிறதோ அவர்கள் வர வேண்டும். முடியாதவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டாவது விதிதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். முறைப்பணியில் இருப்பவனிடம் ஒவ்வொரு முறையும் ஏன் வரவில்லை என்று கேட்டால், நான்காவது முறை அவன் செய்திக்குப் பதில் போடுவதையே நிறுத்திவிடுவான். சில மாதங்கள் இரண்டே பேர் வந்தோம். ஒரு மாதம் அவள் மட்டும் வந்து, ஆறு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, யாருமில்லாத மேசையைப் படமெடுத்து அனுப்பினாள். அடுத்த மாதம் நாங்கள் மூவரும் இருந்தோம்.

எல்லா நட்பும் இப்படி நிலைத்ததாகச் சொல்லமாட்டேன். தொடக்கக் கல்லூரி வகுப்பில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தோம். அவர்களில் இன்று நான் பேசுவது ஒருவரோடு மட்டும். யாரோடும் சண்டையில்லை, யாரும் யாருக்கும் நேரத்தைக் கூறுபோடவில்லை, அவ்வளவுதான். படையில் கிடைக்கும் நட்பே உண்மையான நட்பு என்று பலர் சொல்வார்கள். அதை நான் முழுதாக ஏற்பதில்லை. என் பள்ளத்தில் இறங்கித் தோண்டியவன் மேல் எனக்குள்ள அன்பு குறையாதது. அவனுடைய திருமணத்தில் நான் தேநீர்ச் சடங்குக்குக் கோப்பைகள் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவனை எனக்குக் கொடுத்தது படையின் கால அட்டவணை. காலையில் கண்விழித்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவனோடு நட்பாவதற்குத் தனி முயற்சி தேவையில்லை. பழைய நண்பர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. அவர்களுக்கான இரண்டு மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்தோ அம்மாவிடமிருந்தோ பிடுங்கித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சேவை முடிந்த பின் படை நண்பனையும் அதே வகையில் பிடுங்கிக் கொடுத்துத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2015 ஜனவரியில் ஓ.ஆர்.டி., முழுநேரச் சேவை முடியும் நாள். இளஞ்சிவப்பு அட்டை திரும்பக் கைக்கு வந்தபோது அதிலிருந்த படத்துப் பையன் எனக்குத் தம்பி போலத் தெரிந்தான். ஆகஸ்ட்டில் நான் பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் நுழைந்தபோது தோழி மூன்றாம் ஆண்டில் இருந்தாள். எந்த விரிவுரையாளர் எப்படி, எந்தப் படிக்கட்டு எங்கே போகும் என்று அவள் சொல்லிக்கொண்டு போக, நான் பின்னால் நடந்தேன். அவள் உலகில் நான் புதியவன். தெக்கோங்கில் கால் வைத்த முதல் நாள்போல் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் பாட்டி அதற்கு முந்தைய ஆண்டு காலமானார். அந்த வீட்டின் மூன்று நாள் வேலைகளை நாங்கள் நால்வரும் எங்கள் ஓய்வு நாள்களைப் பங்கு போட்டுச் செய்தோம்.

இப்போது எங்களில் இரண்டு பேருக்குக் குழந்தைகள். சேவை முடித்தபின்னும் பயிற்சிக்கு அழைக்கப்படும் போர்க்காலப் படைவீரனாக நான் ஏழாவது முறை முகாமுக்குப் போய்வந்துவிட்டேன். தோழி வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருப்பதால் மேசையில் ஒரு கைப்பேசியை நிமிர்த்தி வைக்கிறோம். அவளுக்கு அப்போது காலை. கடைசி ஞாயிறுகள் இன்னும் நடக்கின்றன.

இந்த மாதக் கடைசி ஞாயிறு தம்பியின் முதல் புக் அவுட் வாரத்தில் விழுகிறது. அவனையும் அழைத்து வா, நாங்கள் பார்க்க வேண்டும் என்று மூவரும் சொன்னார்கள். நேற்றிரவு பத்து நிமிடம் அவனிடம் கைப்பேசி இருந்தபோது கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "இல்லண்ணே, அவனுங்க பாசிர் ரிஸ்ல வந்து நிக்கிறாங்களாம்" என்றான். பின்னால் யாரோ விளக்கணைக்க நேரமாயிற்று என்று கத்தினார்கள். சரி என்று சொல்லி வைத்தேன்.